"ஹை" என்றாள் மருமகள்!

திண்டுக்கல்லுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். "பூட்டு வாங்கினாயா?" என்பது ஒன்று. "பிரியாணி சாப்பிட்டாயா?" என்பது மற்றொன்று. பூட்டும் வாங்கினேன், பிரியாணியும் சாப்பிட்டேன். ஆனால் இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதல்ல. ஜப்பானிய பாஷையில் உள்ள ஒரு சின்னஞ்சிறு வார்த்தையைப் பற்றியது.

"திண்டுக்கல்லுக்கும் ஜப்பானிய பாஷைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, நேயர்களே! நிஜமான சம்பந்தம்; கல்யாண சம்பந்தம்!

என் கல்லூரித் தோழி ஒருத்திக்குத் திண்டுக்கல்தான் சொந்த ஊர். அவளுடைய தம்பி ஒசாகா நகரில் உத்தியோகம் பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் காதலித்து மணந்துகொண்டான். மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். பையனுக்குப் பழனியில் மொட்டை போடுவதற்காக மூவரும் வந்திருந்தார்கள். "நீ உடனே புறப்பட்டு வா. வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. உனக்குத்தான் கொஞ்சம் ஜப்பானிய பாஷை தெரியுமே!" என்று தோழி தொலைபேசியில் சொன்னாள். நான் படித்ததெல்லாம் ஒரு வருஷத்து மாலை வகுப்பு. இருந்தாலும், "தெரியாது" என்று சொல்ல மனம் வருமா? "சரி" என்றேன்.

வைகை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியபோது இருட்டி வெகுநேரம் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்ததும் எதிரே மலை! மலை என்றால் மரமும் செடியுமாக இருக்கும் மலை அல்ல. ஒரே பாறை. யாரோ ஒரு ராட்சதன் படுத்துத் தூங்குவதற்காகப் போட்டுவைத்த திண்டைப் போல் ஊருக்கு நடுவே சுமார் 900 அடி உயரத்துக்குக் கிடக்கிறது. திண்டு போன்ற கல்லாக இருப்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். மதுரை நாயக்க மன்னரான முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் இதன்மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். பிற்பாடு 1755-ல் ஹைதர் அலி இங்கே அதிகாரியாக வந்து சேர்ந்தார். கணவரை இழந்து, ராஜ்யத்தையும் இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், இந்தச் சீமைக்கு வந்துதான் ஹைதரிடம் உதவி கேட்டார். ஹைதர் சரி என்றார். படையும் அனுப்பினார். ராணி 1780-ல் சிவகங்கையை மீட்டார். சொன்ன வார்த்தை நிறைவேற எட்டு வருஷம் ஆயிற்று என்றாலும், அந்தச் "சரி" சரியாகத்தான் இருந்தது.

நான் போன வீட்டில் தகராறு வந்ததும் இப்படிப்பட்ட ஒரு "சரி"யினால்தான்.

தோழியின் தாயாருக்கு எழுபது வயது இருக்கும். திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீயே சொல்லு தாயி. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. புள்ளைய ரெண்டு வருசம் என்கிட்ட விட்டுட்டுப் போங்க, பள்ளிக்கூடத்துக்குப் போற வயசு வந்ததும் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு போன்ல மூஞ்சியப் பார்த்துக் கேட்டேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை கேட்டேன். அவ ஒவ்வொரு தடவையும் 'ஹை, ஹை'ன்னு தலைய ஆட்டுனா. இப்ப என்னடான்னா திரும்பிப் போறதுக்கு மூணு டிக்கெட்டு வச்சிருக்காக!"

உள்ளே ஓர் அறையில் பேரனுக்காக வாங்கிய சின்ன மர அலமாரி இருந்தது. அதில் மடித்துவைத்த சட்டைகள், ஒரு மரக்குதிரை. அலமாரிக்கு ஓர் அழகான மாங்காய்ப் பூட்டு. எல்லாம் "ஹை" என்ற ஒற்றை எழுத்தை நம்பி வாங்கியவை.

* * *

"ஹை" என்றால் என்ன? பாட புத்தகத்தில் "ஆம்" என்று போட்டிருக்கிறது. அது பாதி உண்மை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டால் ஜப்பானியப் பிள்ளைகள் "ஹை" என்பார்கள். கடைக்காரர் சாமானைக் கையில் கொடுக்கும்போது "ஹை" என்பார். யாராவது பேசிக்கொண்டே போனால் கேட்பவர் நடுநடுவே "ஹை, ஹை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இந்தக் கடைசி "ஹை"க்கு "சம்மதம்" என்று பொருள் இல்லை. "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்றுதான் பொருள்.

இது நமக்குப் புதிதல்லவே! உங்கள் வீட்டில் காலையில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒருவர் "ம்... ம்..." என்பாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். "சாயங்காலம் கடைக்குப் போகலாமா?" "ம்." "புடவை எடுக்கலாமா?" "ம்." சாயங்காலம் நீங்கள் புறப்பட்டு நின்றால், "எங்கே புறப்பாடு?" என்று கேட்பார். அந்த "ம்"மும் இந்த "ஹை"யும் ஒரே ஜாதி.

"ம்"முக்கும் "ன்"னுக்கும் நடுவே மூக்கால் எழுப்பும் ஒரு சத்தம் ஜப்பானியருக்கும் உண்டு. சுருக்கமாக எழுப்பினால் "ஆமாம்". நடுவில் தாழ்த்தி நீட்டினால் "இல்லை". வெளிநாட்டார் இதைக் கேட்டுத் திணறுவார்கள். நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை. "ம்" என்றால் ஆமாம், "ம்ஹூம்" என்றால் இல்லை என்று தொட்டிலில் கிடக்கும்போதே நாம் படித்தாகிவிட்டது.

இன்னொரு பிரயோகம், "ஸோ தெஸ் கா". ஆங்கிலப் படங்களில் ஜப்பானியர் வேஷம் போடுகிறவர்கள் "ஆ, ஸோ!" என்று கத்துவது இதைக் கேட்டுத்தான். கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர, கேள்வி அல்ல. நம்முடைய "அப்படியா!" தான். பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றிச் சொல்லும்போது நாம் "அப்படியா!" என்கிறோமே, அப்போது நாம் அதை நம்புகிறோம் என்றா பொருள்? "நருஹோதோ" என்று ஒன்று உண்டு. அது "அட, அதுதானா சமாசாரம்!" என்பதைப் போல.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது "கெக்கோ தெஸ்". "நன்றாக இருக்கிறது" என்றும் பொருள். "போதும், வேண்டாம்" என்றும் பொருள். திண்டுக்கல் வீட்டில் இதனால் ஒரு கூத்தே நடந்துவிட்டது. வந்த முதல் நாள் மாமியார் மூன்றாவது தடவையாகச் சோறு போட வந்தபோது மருமகள் பதற்றத்தில் தன் பாஷையிலேயே "கெக்கோ, கெக்கோ!" என்று இலையை மறைத்தாளாம். "பாவம், கேக்கு வேணுமாம்!" என்று மாமியார் எதிர்வீட்டுப் பையனைப் பேக்கரிக்கு ஓட்டினார். கேக் வந்தது. மருமகளும் மரியாதைக்காக அதைச் சாப்பிட்டு முடித்தாள்!

நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பெண் நம் தமிழிடம் பட்ட பாட்டையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்த உறவினருக்கு அவள் இட்லி பரிமாறினாள். அவர்கள், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்கள். 'இரு' என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இட்லி இலையில் இருக்கட்டும் என்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டைப் போட்டாள். "இருக்கட்டும்" என்றால் வேண்டாம் என்று எந்த இலக்கணப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

* * *

மருமகளோடு தனியாகப் பேச எனக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. சின்னாளப்பட்டிக்குச் சுங்குடிச் சேலை பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்துக்கு அருகிலேயே இருக்கிறது அந்த ஊர். கிழக்கே சிறுமலை கறுத்து நிற்க, சாலைக்கு இருபுறமும் செம்மண்ணும் தென்னையும் முருங்கையுமாகச் சமவெளி விரிகிறது.

சுங்குடியில் துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அவள் சேலையை விரித்ததும், "ஷிபோரி!" என்று கூவினாள். அவர்கள் நாட்டிலும் இதே மாதிரி கட்டிச் சாயமிடும் கலை இருக்கிறது. அதற்கு அந்தப் பெயர். அவளுடைய பாட்டியிடம் அப்படி ஒரு கிமோனோ இருந்ததாம். அதற்குப் பிறகு அவளுக்கு என்னிடம் கூச்சம் போய்விட்டது.

"அத்தை பேசும்போது எனக்குக் 'குழந்தை', 'இங்கே', 'பள்ளிக்கூடம்' என்ற வார்த்தைகள் மட்டும் புரிந்தன. இங்கே பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறார் என்று நினைத்தேன். பெரியவர் பேசும்போது சும்மா இருந்தால் மரியாதையில்லை. அதனால் 'ஹை' என்றேன். நான் எப்படிக் குழந்தையை விட்டுவிட்டுப் போவேன்?" என்றாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரன் எங்கே போயிருந்தான் என்று கேட்கிறீர்களா? பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அடுத்த அறையில் நிம்மதியாக இருந்திருக்கிறான். அவனுக்கு இருந்த ஜப்பானிய ஞானம் முழுவதும் அந்தச் சமயத்தில் வீணாகிவிட்டது.

சேலைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, துணி விஷயமாகவே பெரிய மனிதர்கள் இப்படி ஏமாந்த கதை ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. 1969-ல் ஜப்பானியப் பிரதம மந்திரி சாட்டோ அமெரிக்காவுக்குப் போயிருந்தார். ஜப்பானியத் துணிகள் அமெரிக்கச் சந்தையில் வந்து குவிவதைக் குறைக்க வேண்டும் என்று ஜனாதிபதி நிக்ஸன் கேட்டார். சாட்டோ, "ஸென்ஷோ ஷிமாஸ்" என்றாராம். "என்னாலானதைச் செய்கிறேன்" என்று மொழிபெயர்த்தார்களாம். நிக்ஸன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். காரியம் எதுவும் நடக்கவில்லை. கோபம் வந்தது. அந்த வார்த்தையைத்தான் சொன்னாரா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் உத்தியோகஸ்தர்கள் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன பொருள் என்பதில் ஜப்பானியருக்குச் சந்தேகமே கிடையாது. நம் ஊர்க் காரியாலயத்தில் மனுவைக் கையில் வாங்கிக்கொண்டு, "பார்க்கலாம்" என்பார்களே, அதேதான்.

* * *

மறுநாள் பூட்டுப் பட்டறை பார்க்கப் போனோம். நாகல் நகர்ப் பக்கத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் முன்பு வீட்டுக்கு வீடு அரத்தின் கிறீச்சென்ற ஓசை கேட்கும். இப்போது அலிகார் பூட்டுகளும் இயந்திரப் பூட்டுகளும் வந்து வேலையைக் குறைத்துவிட்டன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்றியாகிவிட்டது, பட்டறையில் உட்காரப் பையன்கள் வேண்டுமே! நாங்கள் பார்த்த பெரியவர் சாவியை அராவி, பூட்டில் விட்டுப் பார்த்து, மறுபடி அராவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிஷ்யன் என்று ஒருவரும் இல்லை.

திரும்பும் வழியில் வேடசந்தூர்ச் சாலையோரத்தில் ஒரு கொல்லுப் பட்டறை. அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் சிறிய சுத்தியலால் 'டிங்' என்று தட்டுவார். தட்டிய இடத்தில் எதிரே நிற்பவர் சம்மட்டியால் 'டொம்' என்று அடிப்பார். டிங், டொம், டிங், டொம். பேச்சே இல்லை.

மருமகள் நின்றுவிட்டாள். "ஐஸுச்சி!" என்றாள்.

ஜப்பானியர் சம்பாஷணையில் நடுநடுவே போடும் "ஹை", "ஸோ" எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர்தான். நாம் "உம் கொட்டுவது" என்கிறோமே, அது. ஆனால் வார்த்தையின் மூலப் பொருள் என்ன தெரியுமா? கொல்லன் அடிக்கும்போது எதிரே நின்று மாற்றி அடிக்கிறவனின் சம்மட்டி! ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் அடிக்கும் எதிரடி. அது நின்றுபோனால் ஜப்பானியரால் பேச முடியாது. தொலைபேசியில் நீங்கள் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால், "மோஷி மோஷி? இருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நம் பாட்டிமார்கள் மட்டும் என்ன? கதை சொல்லும்போது குழந்தை "உம்" கொட்டாவிட்டால் தூங்கிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். வில்லுப்பாட்டிலே பக்கத்திலிருப்பவர் "ஆமா!" போடாவிட்டால் பாட்டுக்காரருக்குக் கதை நகருமா?

அங்கே ஒரு பழைய கதையும் உண்டு. 'கொகாஜி' என்ற நோ நாடகமாக அதை ஆடுகிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் இசிஜோ சக்கரவர்த்தி, முனெசிகா என்ற கொல்லனிடம் ஒரு வாள் செய்யச் சொன்னார். கொல்லனுக்கு வேலை தெரியும். ஆனால் எதிரே நின்று மாற்றி அடிக்கச் சரியான ஆள் இல்லை. இனாரி தெய்வத்தை வேண்டிக்கொண்டான். தெய்வம் நரி உருவத்தில் வந்து எதிரே நின்று சம்மட்டி பிடித்தது. வாளுக்குக் 'குட்டி நரி' என்று பெயர் வைத்தார்கள். அவள் இதைச் சொல்லி முடித்ததும், நான் அந்தப் பட்டறைக்காரருக்குத் தமிழில் சொன்னேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எதிராள் சரியில்லேன்னா இரும்பு பேச்சுக் கேக்காதும்மா. நம்ம ஊருக்கும் ஒரு நரியை அனுப்பச் சொல்லுங்க!" என்றார்.

இங்கே சில நேயர்கள், "ஜப்பானியமும் தமிழும் ஒன்று என்று ஒரு பேராசிரியர் சொன்னாரே?" என்று கேட்கலாம். சுஸுமு ஓனோ என்ற அறிஞர் தம் பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்த ஆராய்ச்சியில் செலவிட்டு 2008-ல் காலமானார். மற்ற மொழி நூலார் பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் அந்த வழக்கைப் பண்டிதர்களுக்கே விட்டுவிடுகிறேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. உம் கொட்டுவதில் இவ்வளவு ஒற்றுமையுள்ள இரண்டு ஜனங்களில், நம் திண்டுக்கல் அம்மாள் மட்டும் "ஹை"யை ஏன் அவ்வளவு உறுதியாகச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்?

அன்று இரவு அவரிடமே கேட்டேன்.

"எங்கய்யா சொன்ன வார்த்தை தாயி அது" என்றார்.

அவருடைய தகப்பனார் பதினேழு வயதில் கங்காணியோடு மலேயாவுக்குப் போனவர். தொழிலாளர் மலேயா போவதை இந்திய சர்க்கார் 1938-ல் தடுத்தது. அதற்கு முந்தின வருஷம் போய் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார். 1942-ல் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை அறுத்துக்கொண்டு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் ஏற்றிவிட்டார்கள். கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒருபுறம். தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் ஒருபுறம். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். பிழைத்தவர்களில் ஒருவராக 1946-ல் 'ரஜுலா' கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார்.

"காலையில வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாகளாம். 'ஹை'ன்னு உடனே குரல் குடுக்கணும். கொஞ்சம் பிந்துனா கன்னத்துல அறை. என்ன வேலை சொன்னாலும் 'ஹை'தான். சொல்லிட்டா அதுக்குமேல பேச்சு இல்ல. உசுரு போனாலும் செஞ்சு முடிக்கணும்னு எங்கய்யா சொல்லுவாரு. கடைசிக் காலத்துல காச்சல்ல கெடந்தப்பக்கூட, யாராச்சும் கூப்பிட்டா 'ஹை'ன்னு எந்திரிச்சு உக்காருவாரு."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அந்தக் காட்டிலே கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் நடுவே இடைவெளி இல்லை. அந்த "ஹை"தான் மூன்று தலைமுறை கடந்து இந்த வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறது. மருமகள் வாயில் அது வெறும் "உம்". மாமியார் காதில் அது உயிர் போனாலும் மாறாத வாக்கு.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் இதை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொன்னேன். இந்தத் தடவை அவள் ஒரு "ஹை"கூடச் சொல்லவில்லை. எழுந்து போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் அவளைப் பார்த்து, "புள்ளைய விட்டுட்டுப் போறியா?" என்று, அதே கேள்வியை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்.

"ம்ஹூம்" என்றாள் மருமகள்.

"இது புரியுது" என்றார் மாமியார். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அன்று அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் மாங்காய்ப் பூட்டு திறந்திருந்தது. மரக்குதிரை பெட்டியில் ஏறியிருந்தது.

வழியனுப்ப ஸ்டேஷனுக்கு எல்லோரும் போயிருந்தோம். தெருப் பையன்கள் கூட்டமாக வந்து, "ஹாய்! ஹாய்!" என்று கையை ஆட்டினார்கள். ஒரு மாதமாக அவள் 'ஹாய்' சொல்வதாகவே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்! ரயில் நகரும் சமயத்தில் மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் வருவியா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்" என்றாள் மருமகள், சுத்தமான தமிழில்.

மாமியாரின் முகம் விழுந்துவிட்டது. நம் ஊர்ப் "பார்க்கலாம்" எதில் முடியும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் ஒரு தடவை பட்டவர் அல்லவா? ரயிலோடு கூடவே இரண்டு அடி நடந்து, "எதைப் பார்க்கலாம்? எதை?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கொஞ்சம் விழித்தாள். பிறகு குழந்தையின் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே, "அத்தையைப் பார்க்கலாம்!" என்றாள்.